தளர்த்தி வைத்த மூடிகள்

என் அக்கா வீட்டுக்காரரிடம் ஒரு முறை கை குலுக்கியவர்கள் இரண்டாம் முறை கையை நீட்டமாட்டார்கள். தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படியொரு பிடி. குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருஷமாகப் பைப் ஃபிட்டர். பதினேழு வயதில் குழாய் சுமக்கப் போனவர். ஸ்பேனர் பிடித்துப் பிடித்தே உள்ளங்கை மரக்கட்டையாகிவிட்டது. ஆளென்னவோ ஒல்லிதான், சட்டை நடந்து வருவதுபோல் இருப்பார். வாய் என்ற ஒன்று சாப்பிட மட்டும்தான் என்று சின்ன வயதில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நாம் பத்து வார்த்தை பேசினால் அவரிடமிருந்து ஒரு 'ம்' வரும். அதுவும் அவருக்கு நல்ல மனநிலை இருந்தால்.

எனக்கு அவர் அத்தான். அந்தக் குடியிருப்பில் மற்ற எல்லோருக்கும் பாட்டில் மாமா. பதினாறு வீட்டில் எந்த வீட்டில் மூடி மக்கர் செய்தாலும், ஜாம் பாட்டிலோ ஃப்ளாஸ்கோ, நேராக இரண்டாம் மாடிக்கு அக்கா வீட்டுக்கு வந்துவிடும். புதிதாகக் குடிவந்த ஓர் அம்மா அந்தப் பெயரைக் கேட்டு, ஆள் குடிகாரர் என்று நினைத்துக்கொண்டு, ஒரு மாதம் அவரைக் கண்டாலே பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினார். அத்தான் பீடியைக்கூடத் தொடாதவர். கடைசியில் அந்த அம்மாவே ஒருநாள் தேன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே வாசலில் நின்றார்.

அத்தானுக்கு இதில் ஒரு கொள்கை உண்டு. நாமெல்லாம் என்ன செய்வோம்? துணியைச் சுற்றித் திருகுவோம், வெந்நீரில் கவிழ்ப்போம், கதவிடுக்கில் வைத்து நெரிப்போம். என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே. இரண்டு தரம் முக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்ப் புது பாட்டில் வாங்கி வந்துவிடுவார். அத்தானுக்கு இதெல்லாம் பிடிக்காது.

"மூடிகிட்ட மல்லுக்கு நிக்கக் கூடாதும்மா. உள்ள காத்து போக வழி விட்டா அதுவே வந்துடும்."

ஸ்பூன் காம்பை விளிம்பில் வைத்து லேசாக நெம்புவார். பிறகு ஒரு திருகு. இறுகிய மூடி அந்த முதல் திருகில் ஒரு முனகல் முனகும். அந்தச் சத்தம் கேட்டதும் நீட்டியவர் கையிலேயே பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மீதியை அவர்களே திறந்துகொள்ள வேண்டும். "நீங்களே திறங்க" என்பார். தான் திறந்ததாக யாருக்கும் தோன்றக் கூடாது அவருக்கு. இந்தக் குணத்தைத்தான் நாங்கள் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினோம். நானும்தான்.

அக்கா நேர் எதிர். மகா ரோஷக்காரி. தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டு, இருபத்தைந்து வருஷமாக அந்தத் தெருவுக்கே துணி தைத்தவள். ஆளை ஒரு பார்வை பார்த்தால் போதும், டேப் இல்லாமலே சாக்கட்டியால் கோடு போட்டுவிடுவாள். அளவு அரை விரல் தப்பாது. 'தன் கையே தனக்குதவி' என்பதை மற்றவர்கள் பழமொழியாகச் சொல்வார்கள். இவள் சட்டமாகவே வைத்திருந்தாள்.

கல்யாணமான இரண்டாவது வாரம் அவள் காபித்தூள் பாட்டிலோடு போராடிக்கொண்டிருந்தாள். அத்தான் பின்னாலிருந்து கையை நீட்டி, வாங்கி, திறந்து, மேடைமேல் வைத்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அக்கா அந்த பாட்டிலை மறுபடி மூடினாள். இறுக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தானே திறந்தாள்.

"என் கைக்கு என்ன குறைச்சல்? நான் கேட்டேனா உங்களை?"

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அதன்பிறகு அத்தான் அவள் கையிலிருந்து எந்தப் பொருளையும் வாங்கித் திறந்ததில்லை. அவளும் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் மூடி திறக்கும் மனுஷன், சொந்த வீட்டுச் சமையலறையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டில் பெயின்ட் அடித்தார்கள். அந்த வாசனை எனக்குத் தலைவலி என்று நாலு நாள் அக்கா வீட்டில் தங்கினேன். ஒரு விடியற்காலை, ஐந்து மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்து போனால், அத்தான் வேலைக்குப் போகிற காக்கி உடையில் அலமாரி முன்னால் நிற்கிறார். ஒவ்வொரு பாட்டிலாக எடுக்கிறார். மூடியைக் கால் சுற்றுத் தளர்த்துகிறார். எடுத்த இடத்திலேயே, லேபிள் முன்பக்கம் பார்க்க, வைக்கிறார். சர்க்கரை, காபித்தூள், உப்பு, எண்ணெய், தண்ணீர் பாட்டில். கடைசியில் குளியலறைக்குப் போய்ப் பற்பசை மூடியையும் தளர்த்திவிட்டு வந்தார்.

"என்ன அத்தான் இது?"

திருடன் மாட்டிக்கொண்டதுபோல் விழித்தார்.

"அவளுக்கு இப்பல்லாம் கொஞ்சம் சிரமமா இருக்கும்மா. கேட்டா ஒத்துக்கமாட்டா. வயசாகுதுல்ல, நாள் முழுக்க கத்தரி பிடிக்கிற கை. நீ சொல்லிடாத. மனசு கஷ்டப்படுவா."

எனக்கு அப்போது நெஞ்சு நிறைந்துபோயிற்று. இப்படியும் ஒரு புருஷனா என்று. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொல்லி, "நீங்களும் இருக்கீங்களே" என்று ஒரு மணி நேரம் அவரை வறுத்தெடுத்தேன். அக்காவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஓட்டை வாய் என்று பெயரெடுத்தவள் நான். அந்த ஒரு ரகசியத்தைத்தான் காப்பாற்ற வேண்டுமா?

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒவ்வொன்றாக மாறியது. திருகு குழாயெல்லாம் போய், விரலால் தட்டினால் திறக்கிற குழாய் வந்தது. கதவுக் குமிழ்கள் போய் நீளக் கைப்பிடி வந்தது. கத்தரியின் வளையத்துக்கு ரப்பர் சுற்றிக் கொடுத்தார். பூட்டுக்கு எண்ணெய், ஜன்னல் கொக்கிக்குப் புது ஸ்பிரிங். வீட்டைத்தான் சரிசெய்தார். பைப்பில் எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே வால்வைத் தளர்த்துவது அவர் தொழில். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அக்காவும் சும்மா இருக்கவில்லை. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற வேலையைக் கடைக்கு அனுப்ப ஆரம்பித்தாள். "கண்ணு சரியா தெரியலடி" என்றாள். புதுக் கண்ணாடி போட்டாள். அதற்குப் பிறகும் ஊசி நழுவியது. ஊசிதான் மட்டம் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சர்க்கரை பாட்டிலை மூடியைப் பிடித்துத் தூக்க, மூடி கையோடு வந்து, பாட்டில் தரையில் விழுந்து நொறுங்கியது.

"ஒரு மூடி இறுக்கி மூடத் தெரியாதா உனக்கு?"

"நான் இறுக்கித்தான்டி மூடுனேன்! என் கை எனக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் தெருவுக்கே கேட்கிறாற்போல் கத்தினோம். அத்தான் துடைப்பத்தை எடுத்து வந்து, சர்க்கரையும் கண்ணாடியுமாக, ஒரு வார்த்தை பேசாமல் பெருக்கினார். எனக்குக் காரணம் தெரியும். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

போன வருஷம் அக்கா படியில் தடுக்கி விழுந்தாள். அடி பெரிதில்லை. ஆனால் தடுக்கவே அங்கே ஒன்றும் இல்லை. கால் தானாக மடங்கியது என்றாள். ஆஸ்பத்திரியில் கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். எங்களைவிட வயதில் சின்னவர் அந்த டாக்டர், பொறுமையானவர். படத்தைக் காட்டிச் சொன்னார். கழுத்து எலும்பு உள்பக்கமாக வளர்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறது. கைக்கும் காலுக்கும் போகிற நரம்பெல்லாம் அந்த வழியாகத்தான்.

"கையில எப்ப இருந்து சிரமம்? பட்டன் போட, பாட்டில் மூடி திறக்க?"

"மூடியெல்லாம் நல்லா திறப்பேன் டாக்டர்," என்றாள் அக்கா. குரலில் பெருமை. "இன்னிக்குக் காலையிலகூட காபித்தூள் பாட்டிலை நான்தான் திறந்தேன். துணிதான் நழுவும். நழுவும்போதெல்லாம் எனக்கே பயம் வரும். உடனே போய் ஒரு பாட்டிலைத் திறந்து பார்ப்பேன். திறக்கும். சரி, கையில ஒண்ணுமில்ல, கண்ணுதான்னு வந்து உக்காந்துப்பேன்."

நான் அத்தானைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல டாக்டர்," என்றார். "ரெண்டு வருஷமா அவ எதையும் திறக்கல. எல்லாத்தையும் நான் காலையிலயே தளர்த்தி வச்சுடுவேன்."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். தெருவில் போகிற யாரோ ஒருவர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டதுபோல் பார்த்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இந்த நோய் முதலில் கையில்தான் தெரியும், அப்போதே வந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் கையைக் காப்பாற்றிவிடலாம், இப்போது செய்தால் மேற்கொண்டு கெடாமல் நிறுத்தலாம், போனது திரும்புவது கஷ்டம் என்றார். யாரையும் குறை சொல்லாமல்தான் சொன்னார். அது இன்னும் வலித்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அத்தானைப் பிடித்துக்கொண்டேன்.

"முழுப் பூசணிக்காயை இப்படிச் சோத்துல மறைச்சிருக்கீங்களே! ஒரு வார்த்தை, 'உன் கையை டாக்டர்கிட்ட காட்டு'ன்னு ஒரே ஒரு வார்த்தை உங்க வாயிலேர்ந்து வரலையா?"

"அவ கையை மிச்சப்படுத்துறேன்னு நினைச்சேன்மா."

இவ்வளவுதான் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெரிய கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பங்கு இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து அக்கா வீடு திரும்பினாள். நடை தேறியது. கை அப்படியேதான் இருந்தது. விரல்கள் ஈரத் துணிக்குள்ளே இருப்பதுபோல் இருக்கிறதடி என்பாள். ஆனால் மனசு விடவில்லை. தைக்கக் கொடுத்தவர்கள் வந்து கேட்டால், "இன்னும் ஒரு மாசம். துணி இங்கயே இருக்கட்டும்" என்று அனுப்பிவிடுவாள். அவர்களும் பழகிய முகத்துக்காகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். முன்னறை மூலையில் பதினோரு மூட்டை. வெட்டினது பாதி, வெட்டாதது பாதி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அத்தானைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கூப்பிட்டாள் என்றால், என்னை விட்டுச் சொல்லச் சொன்னாள்.

"உங்க அத்தானை எல்லா மூடியையும் இறுக்கச் சொல்லு. என் கண்ணு முன்னாடி."

அத்தான் ஒவ்வொன்றாக இறுக்கினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே பார்த்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் அவரிடம் நேராகப் பேசவில்லை. இரண்டு அடி தூரத்தில் தட்டை வைத்துக்கொண்டு மனுஷன் உட்கார்ந்திருப்பார், "உங்க அத்தானைச் சாப்பிடச் சொல்லு" என்பாள் என்னிடம். நான் இல்லாத நாளில் சுவரிடம் சொல்லுவாள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

தினமும் காலையில் காபித்தூள் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். திருகுவாள். உள்ளங்கையை மாற்றுவாள், முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்துவாள். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அத்தான் அந்த நேரம் பால்கனிக்குப் போய்விடுவார். அவள் தோற்று எழுந்து போன பிறகு, நான் வந்து திறந்து காபி போட்டு, மறுபடி இறுக்கி வைப்பேன். நான் வராத நாளில் இரண்டு பேரும் காபி இல்லாமலே இருந்தார்கள். அவள் கேட்கமாட்டாள். அவள் கேட்காமல் அவர் தொடமாட்டார். மூன்றாம் மாடி டீச்சர் ஜாம் பாட்டிலோடு வந்தபோது, "எனக்குக் கை வலிங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அதன்பிறகு யாரும் வரவில்லை.

இப்படியே எட்டு மாதம். வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன். ஒருநாள் நான் சீக்கிரமே போய்விட்டேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். காபி போட்டு முடித்து பாட்டிலை மூடும்போது, கை பாதியில் நின்றது. இறுக்க வேண்டிய இடத்துக்குக் கால் சுற்று முன்னால். தெரிந்தேதான் நிறுத்தினேன். 'அவளுக்கு ஒருநாள், ஒரே ஒருநாள் திறக்கட்டும்' என்று நினைத்தேன். அந்த மனுஷனை என்னவெல்லாம் பேசினேன்! என் முறை வந்தபோது நானும் அதையேதான் செய்தேன்.

அக்கா வந்தாள். பாட்டிலை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். மூடி சுழன்றது.

"ஏங்க!"

எட்டு மாதத்தில் முதல் தடவை. அத்தான் சவரம் பாதியில், ஒரு கன்னம் முழுக்க நுரையோடு ஓடி வந்தார்.

"திறந்துட்டேங்க. பாருங்க. நானே திறந்தேன்." சட்டென்று நின்றாள். முகம் சுருங்கியது. "நீங்க தளர்த்தி வைக்கலையே?"

"இல்ல. சத்தியமா நான் தொடல."

நம்பினாள். அவர் பொய் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும், உண்மையைச் சொல்லாமல் வேண்டுமானால் இருப்பார். அவள் அழுதுகொண்டே, அந்த உணர்வில்லாத கையால் அவர் கன்னத்தைத் தொட்டாள். கையெல்லாம் நுரை. "கோபமா இருந்துட்டேங்க" என்றாள். "இன்னும் ஒரு மாசத்துல தைக்க ஆரம்பிச்சுடுவேன்." செய்தது சரிதான் என்று அந்த நிமிஷம் முழுசாக நம்பினேன்.

அத்தான் மூடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூடி முனகவில்லை என்பது அவருக்குப் பால்கனியிலிருந்தே தெரிந்திருக்கும். கொஞ்சம் பேசாமல் இருந்தால் போதும். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைதான் அது. பெண்டாட்டி திரும்பக் கிடைத்துவிட்டாள். பேசாதீங்க அத்தான், பேசாதீங்க என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"நான் தொடல," என்றார் மறுபடி. "ஆனா மூடி தளர்ந்துதான் இருந்துச்சு."

அக்கா கையை எடுத்தாள்.

"நான்தான்க்கா," என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. பாட்டிலை அவரிடம் நீட்டினாள். அத்தான் மூடினார், வீட்டில் எல்லோரும் மூடுகிற அளவுக்கு இறுக்கினார், திருப்பிக் கொடுத்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து திருகினாள். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். அவர் இந்தத் தடவை பால்கனிக்குப் போகவில்லை. அவள் நெற்றி வியர்த்தது. கை வழுக்கி வழுக்கி மூடியைச் சுற்றி வந்தது. மூடி அசையவில்லை.

பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிமே வராதுல்ல?"

நான் வாயைத் திறந்தேன். வரும், எக்ஸர்சைஸ் செய்தால் வரும், போன வாரம் யாருக்கோ வந்ததாம் என்று சொல்ல எத்தனையோ இருந்தது. அத்தான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் இரண்டு கையையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

"வராதும்மா," என்றார்.

அவள் தலையாட்டினாள். "அந்தத் துணியெல்லாம் திருப்பிக் குடுத்துடுங்க. பாவம், அவங்க எத்தனை நாள் காத்திருப்பாங்க" என்றாள். அவரிடம்தான் சொன்னாள், நேராக. அத்தான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பதினோரு மூட்டையையும் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.